மஞ்சளித்த இலையும் மண்ணின் இரும்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உரும்பிராயும் கோப்பாயும் செம்மண்ணுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். அம்மண்ணுக்குச் செந்நிறத்தைக் கொடுப்பது இரும்பே. ஆயினும், அத்தகைய மண்ணில் வளரும் பயிரும் சில வேளைகளில் இரும்பின்றி வாடுவதுண்டு. இளம் இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளிக்கும். இரும்புள்ள மண்ணில் இரும்புப் பஞ்சம் எவ்வாறு நேர்கிறது?

விடை நிலத்தின் அடியில் உள்ளது. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. தோட்டத்துக்கு இறைக்கும் கிணற்று நீரும் அப்பாறையினின்றே ஊறுகிறது. சுண்ணாம்பு மிகுந்து, காற்றோட்டமும் உள்ள மண்ணில் இரும்பு நீரில் எளிதிற் கரைவதில்லை. கரையாததை வேர் உறிஞ்ச இயலாது. துத்தநாகத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பெட்டகத்திலே பொருள் இருக்கிறது. பெட்டகமோ பூட்டிக் கிடக்கிறது.

இதே இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே நிலைமை நேர்மாறானது. அமிலத் தன்மையுள்ள வயலில் நீர் தேங்கி மண் காற்றை இழக்கும்போது, இரும்பு அளவுக்கு மீறிக் கரைகிறது. நெல்லிலைகள் வெண்கல நிறமடைந்து காய்கின்றன. இந்நோய்க்கு இரும்பின் மிகுதியே காரணம் என்பதை 1955 ஆம் ஆண்டில் இலங்கை மண்ணியல் அறிஞர் பொன்னம்பெரும வேறிரு அறிஞருடன் சேர்ந்து விளக்கினார். ஓரிடத்தில் கிடைக்காத உணவு, மற்றோரிடத்தில் நஞ்சு!

செம்பும் இத்தகையதே. முந்திரிகைக் கொடியின் பூஞ்சண நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவையைத் தெளிப்பர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு தேசத்தில் தோன்றிய மருந்து அது. பல்லாண்டுகள் தெளித்தால் செம்பு மேல்மண்ணிலே தங்கி வேரை வருத்தும். அப்போதும் இலை மஞ்சளிக்கும். பொசுபேற்றுப் பசளை மிகுந்தாலோ, பயிருக்குத் துத்தநாகம் எட்டாது போகும்.

ஆகவே, நேயர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இலை மஞ்சளித்தால் உடனே இன்னொரு மூடை பசளை இடுவது மருத்துவமன்று. மண்ணையும் இலையையும் பரிசோதித்துக் காரணத்தை அறிதலே முதற்பணி. இரும்புக்குறை எனத் தெரிந்தால், மண்ணில் இடுவதிலும், விதித்த அளவில் இலையில் தெளிப்பதே இத்தகைய நிலத்தில் விரைந்து பயன்தரும். முன்னோர் தோட்டத்திற் புதைத்த பூவரசங் குழையும் பனையோலையும் வீண்போகவில்லை. உக்கிய தழை இரும்பையும் துத்தநாகத்தையும் வேர் கொள்ளத்தக்க நிலையில் வைத்திருக்க உதவும்.

அளவு தவறினால் நட்டம் பயிரோடு நிற்பதில்லை. பயிர் கொள்ளாத பசளையின் நைத்திரேற்று, நீரோடு பாறை வெடிப்புகளினூடே இறங்கிக் கிணற்றை அடைகிறது. தோட்டத்துக்கு நீர் தருவதும் வீட்டுக் குடத்தை நிறைப்பதும் அந்த ஒரே நிலத்தடி நீர்தான்.