கிண்டிக் காட்டில் ஒரு பகல்
பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சுற்றுலா என்றவுடன் மகாபலிபுரம், வண்டலூர், கிண்டி என்று கரும்பலகையில் எழுதிக் கைதூக்கச் சொல்வது எங்கள் வகுப்பின் வழக்கம். இம்முறை கிண்டி வென்றது; அதுவும் இரண்டே கைகள் வித்தியாசத்தில். தோற்றவர்கள், “நாலு மானைப் பார்க்க இவ்வளவு தூரமா?” என்று பேருந்து ஏறும்வரை முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும், அடுத்து அங்கே செல்லவிருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கும், “பூங்காவில் என்ன படிப்பு வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்ட பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜெபம் சொல்லிப் புறப்பட்டோம். தாம்பரம் தாண்டும்வரை பாட்டு. பரங்கிமலை கண்ணில் பட்டதும் சிஸ்டர் எழுந்து நின்று, “இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு தோட்ட வீட்டுக்குள் நுழையப் போகிறோம்” என்றார்கள். எங்களுக்குப் புரியவில்லை. பூங்காவுக்கல்லவா போகிறோம்?

புரிந்தது பிறகுதான். கிண்டிப் பூங்கா யாரோ திட்டமிட்டு நட்டு வளர்த்த பூங்கா அன்று. ஆளுநர்களின் தோட்ட வீட்டைச் சூழ்ந்திருந்த வேட்டைக் காட்டில் எஞ்சிய பகுதி. 1670-களில், புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக வில்லியம் லாங்ஹார்ன் இருந்த காலத்திலேயே இங்கே காட்டின் ஒரு துண்டைத் திருத்தித் தோட்டமும் ‘கிண்டி லாட்ஜ்’ என்ற வீடும் அமைத்தார்களாம். கோட்டையின் புழுக்கத்திலிருந்து தப்பிக் காற்று வாங்க ஓர் இடம். சுற்றியிருந்த காடு பின்னர் கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவர் கையில் இருந்தது. 1821-ல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, அரசாங்கம் அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்று அந்தத் தொகைக்கு அதே கிண்டியில் ஒரு பாய் விரிக்கும் இடம்கூடக் கிடைக்குமா என்று எங்கள் கணக்கு டீச்சர் கேட்டார்கள்.

வேட்டையாடுவதற்காகவே காத்து வைத்த காடு என்பதால் அதை யாரும் வெட்டவில்லை. இது எங்களுக்கு விந்தையாக இருந்தது. சுடுவதற்காக மான்களை வைத்திருந்தவர்களால்தான் இன்று மான்கள் மிஞ்சியிருக்கின்றன! 1910-ல் 505 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,250 ஏக்கர், ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் அது துண்டு துண்டாகப் பிரிந்தது. 1956-ல் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. 1958-ல் ஒரு பெரும் பகுதி ஐ.ஐ.டி.க்குப் போயிற்று, அதே ஆண்டில் நேருவின் விருப்பப்படி ஒரு பகுதி மான் பூங்காவாகவும் சிறுவர் பூங்காவாகவும் ஆயிற்று. 1972-ல் பக்கத்தில் பாம்புப் பண்ணை. 1970-களின் நடுவில் இராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள். ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். எதையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 1978-ல் எஞ்சியதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது சுமார் 270 ஹெக்டேர்தான் இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் இதுவும் ஒன்று.

ஊஞ்சலும் சறுக்கு மரமும் உள்ள சிறுவர் பூங்காவுக்கு யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். உள்ளே இருக்கும் காட்டுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். தலைமையாசிரியை அவர்கள் இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது. வழிகாட்டிய வனக் காவலர் ஐயா ஐம்பது வயதுக்காரர். “பாப்பா, பேசிட்டே வந்தா மரத்தைத்தான் பார்க்கலாம். பேசாம வந்தா மிச்சத்தையும் பார்க்கலாம்” என்றார். நாற்பத்திரண்டு பெண்கள் பேசாமல் நடந்தோம் என்பதை எங்கள் வகுப்பாசிரியை இன்றும் நம்ப மறுக்கிறார்கள்.

காடு என்றால் வானளாவிய மரங்கள் என்று எண்ணிப் போனோம். அப்படி இல்லை. பெரும்பாலும் எங்களைவிடச் சற்றே உயரமான மரங்களும் புதர்களும் கிளையோடு கிளை பின்னி நிற்கின்றன. இலைகள் சிறியவை, தடித்தவை. கையில் வைத்து மடித்தால் தோல்போல் இருக்கின்றன. முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை; பிறகு பல மாதங்கள் வெயில். அந்த வெயிலிலும் இலையை உதிர்க்காமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் இலை தடித்திருக்கிறது. ஒரு காலத்தில் இக்கடற்கரை நெடுகிலும் இப்படிக் காடுகள் இருந்தனவாம். இப்போது சில கோவில் காடுகளிலும் இதுபோன்ற சில இடங்களிலும்தான் மிச்சம். இந்தச் சின்னக் காட்டுக்குள் 350-க்கு மேற்பட்ட செடி, கொடி, மர வகைகளும், 150-க்கு மேற்பட்ட பறவை வகைகளும் உண்டு. நாங்கள் அடையாளம் கண்டவை பதினொன்று. அதில் காகமும் சேர்த்தி.

புள்ளிமான்களை நடக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே பார்த்துவிட்டோம். கூட்டம் கூட்டமாக நின்றன. ஆனால் காவலர் ஐயா நிற்காமல் நடந்தார். மரங்கள் விலகிப் புல்தரை தெரிந்த ஓரிடத்தில்தான் கையை உயர்த்தி நிறுத்தினார். தூரத்தில் இரண்டு பழுப்பு நிறப் பெண் மான்கள். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, முதுகு கறுத்து வயிறு வெளுத்து, கை முறுக்குப்போல் திருகிய கொம்புகளோடு ஓர் ஆண். அதுதான் வெளிமான். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தது. யாரோ ஒருத்தி தும்மினாள். போயே போய்விட்டது!

இந்த இரண்டு மான்களையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டோம். புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டது. உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்புக்குக் கிளை கிடையாது, உதிர்வதும் இல்லை. சரியாகச் சொன்னால் வெளிமான், மான் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆடு மாடுகளின் குடும்பம். புள்ளிமான் மர நிழலிலும் புதர் ஓரத்திலும் பிழைத்துக்கொள்ளும். வெளிமானுக்கு அது போதாது. எதிரி வருவதைத் தொலைவிலேயே கண்டு, ஓடித் தப்பிப்பது அதன் வழி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்வரை ஓடக் கூடிய கால்கள் இருந்தும் ஓட இடம் வேண்டுமே? அதன் பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது. பவநகர் மன்னர் 1948-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். தம் ஊரின் புல்வெளிகளில் வாழும் வெளிமான் இனத்தில் வெள்ளை நிறத்தவை சிலவற்றை இங்கே கொண்டுவந்து விட்டதாகச் சொல்கிறார்கள். இன்று கிண்டியில் புள்ளிமான்களே பல மடங்கு அதிகம். புல்தரைகளில் சீமைக் கருவேலம் போன்றவை ஏறி வெளியை அடைத்துக்கொண்டு வருவது அதற்கு ஒரு காரணம்.

இங்கே எங்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. விருந்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகலாமா என்று, பள்ளித் தோட்டத்தில் வளர்த்த பத்து வேப்பங்கன்றுகளைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டு போயிருந்தோம். அந்தப் புல்தரையைப் பார்த்ததும், “இங்கேயே நடலாமே, ஐயா, மரமே இல்லையே!” என்று எங்கள் வகுப்புத் தலைவி உற்சாகமாகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “அம்மா, நீங்க நட்டது வளர்ந்தா, அது நிக்கிற இடம் போயிடும்” என்றார். மரம் நடுவதும் தவறாகும் இடம் உண்டு என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. கன்றுகள் திரும்பிவந்து, கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் நிற்கின்றன. எட்டு பிழைத்துவிட்டன.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று வகுப்பில் நெடுநேரம் பேசினோம். சம்பந்தப்பட்டவளே எழுதச் சொன்னதால் எழுதுகிறோம்.

மதிய உணவுக்கு வேலியோரம் அமர்ந்தோம். வாசலிலேயே பைகளைப் பார்த்து பிளாஸ்டிக் பொருள்களை வாங்கி வைத்துவிட்டார்கள். 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதும் எங்களுக்குத் தெரியும். ஆயினும் எங்களுள் ஒருத்தியின் டிபன் பாக்ஸுக்குள், எலுமிச்சைச் சாதத்தின்மேல், ஊறுகாய் கட்டிய ஒரு சிறு பிளாஸ்டிக் உறை இருந்தது. சாப்பிட்டு முடித்து அதை மடியில் வைத்திருந்தாள். காற்றடித்தது. உறை வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. காது கிழிந்த ஒரு பெண் புள்ளிமான் வந்து முகர்ந்தது. நாங்கள் கூச்சலிட்டோம். அதனால்தானோ என்னவோ, அது உறையைக் கவ்விக்கொண்டே புதருக்குள் ஓடிவிட்டது.

காவலர் ஐயா உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் உட்கார்ந்து, அசை போடும் விலங்கின் வயிற்றைக் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். அதில் நான்கு அறைகள். தின்றது முதல் அறையில் ஊறி, அசை போட்டு அரைபட்டபின், ஒரு குறுகிய வாயில் வழியாக அடுத்த அறைக்குப் போகும். பிளாஸ்டிக் அரைபடாது, அந்த வாயிலைத் தாண்டாது. முதல் அறையிலேயே தங்கி, அடுத்தடுத்துத் தின்றவற்றோடு பந்தாகச் சுருண்டுகொள்ளும். வயிறு நிறைந்ததுபோல் தோன்றுவதால் மான் மேயாது. நாளடைவில் மெலிந்து விழும். அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். அப்படி இறந்த மான்கள் இந்தப் பக்கம் உண்டு என்றார். மானுக்கு உப்பின்மேல் ஆசை; உணவு கட்டிய உறையைத் தேடி வருவது அதனால்தான். “ஒரு சின்ன உறைதானே, ஐயா, ஒன்றும் ஆகாதுதானே?” என்று அவள் கேட்டாள். “ஆகாம இருக்கலாம், பாப்பா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

திரும்பும்போது பேருந்தில் பாட்டு இல்லை. சிஸ்டரும் பாடச் சொல்லவில்லை. செங்கல்பட்டில் தேநீருக்கு நிறுத்தியபோது அவளுக்கு மட்டும் சிஸ்டரே கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பினர் பிப்ரவரியில் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்காட்டுக்கு அனுமதிக் கடிதத்தை இப்போதே எழுதிவிடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். முள் எங்களில் மூவரைப் பதம் பார்த்தது. ஊறுகாயை வாழையிலையில் வைத்து நாரால் கட்டுங்கள். கன்று எதுவும் கொண்டு போகாதீர்கள். அந்தக் காவலர் ஐயாவைக் கண்டால், காது கிழிந்த அந்தப் பெண் மானைப் பிறகு பார்த்தாரா என்று எங்களுக்காகக் கேட்டு வாருங்கள்.