சிங்கிள் மால்ட் விஸ்கி சுவைத்தல்

சிங்கிள் மால்ட் விஸ்கி என்பது முளைகட்டிய வாற்கோதுமையை (பார்லி) மட்டும் தானியமாகக் கொண்டு, ஒரே வடிசாலையில் வடிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் முதிர வைக்கப்படும் மதுபானம் ஆகும். அதன் நிறம், மணம், சுவை ஆகியவற்றை ஒழுங்குமுறையுடன் ஆராய்ந்து, அவை தானியம், புகை, மரம், தட்பவெப்பம் ஆகியவற்றில் எதிலிருந்து வந்தன என்று இனங்காண்பதே சுவைத்தல் எனப்படுகிறது. ஸ்காட்லாந்தில் வளர்ந்த இக்கலைக்குத் தென்னிந்தியாவில் தயாராகும் விஸ்கிகள் ஒரு புதிய கேள்வியை எழுப்பியுள்ளன: புட்டியில் குறிக்கப்படும் வயது தரத்தின் அளவுகோலா என்பதே அது.

வரையறை

ஸ்காட்லாந்தின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, ஸ்காட்ச் விஸ்கி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய்களில் குறைந்தது 3 ஆண்டுகள் அந்நாட்டிலேயே முதிர வேண்டும். அதன் ஆல்ககால் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. சிங்கிள் மால்ட் எனில் வடித்தல் செப்புப் பானை வடிகலன்களில், தொகுதி தொகுதியாக நடைபெற வேண்டும். 'சிங்கிள்' என்னும் சொல் ஒரே வடிசாலையைக் குறிக்கிறதே தவிர ஒரே பீப்பாயை அன்று. பல பீப்பாய்களின் சரக்கு கலக்கப்படும்போது, அவற்றுள் மிக இளையதன் வயதே புட்டியில் குறிக்கப்படும்.

சென்னை மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளில் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பீபரி, பிளாண்டேஷன் ஆகிய கொட்டைகளைக் குறித்த விகிதத்தில் கலந்து என்றும் ஒரே சுவையைத் தருவது கலப்பு விஸ்கியை ஒத்தது. ஒரே தோட்டத்துக் கொட்டையை மட்டும் அரைப்பது சிங்கிள் மால்ட்டை ஒத்தது.

இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து (மொலாசஸ்) பெறப்படும் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் தானியத்திலிருந்து வடிக்கப்பட்டதை மட்டுமே விஸ்கி என ஏற்கிறது.

வரலாறு

ஸ்காட்லாந்தில் வடித்தல் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரச கருவூலக் கணக்கில் உள்ளது. அதில் ஜான் கோர் என்னும் துறவிக்கு மால்ட் வழங்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. சென்னையில் 1826இல் தொடங்கப்பட்ட மக்டவல் நிறுவனம் வெளிநாட்டு மதுவகைகளை இறக்குமதி செய்து இங்கிருந்த ஐரோப்பியருக்கு விற்றது. பெங்களூரில் 1948இல் நிறுவப்பட்ட அம்ருத் வடிசாலை, 2004 ஆகஸ்டில் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகப்படுத்தியது. அதன் 'ஃபியூஷன்' என்னும் வகை, ஜிம் மர்ரே எழுதும் விஸ்கி வழிகாட்டி நூலின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகத் தேர்வு பெற்றது. கோவாவின் பால் ஜான் 2012இலும், அரியானாவின் இந்திரி 2021இலும் சந்தைக்கு வந்தன.

மணங்களின் தோற்றம்

விஸ்கியின் மணங்கள் பலவும் அறியப்பட்ட வேதிச் சேர்மங்களால் உண்டாகின்றன.

நொதித்தல்: ஈஸ்டு உருவாக்கும் எசுத்தர்கள் பழ வாசனையைத் தருகின்றன. வாழைப்பழ வாசனைக்கு ஐசோஅமைல் அசிட்டேட் காரணம்.

புகை: ஈரமான மால்ட்டை முற்றா நிலக்கரிப் (பீட்) புகையில் உலர்த்தும்போது குவையாக்கால் போன்ற பீனால்கள் அதில் படிகின்றன. வறுத்த காப்பியின் மணத்திலும் குவையாக்காலுக்குப் பங்குண்டு. ஐலா தீவின் சில விஸ்கிகளில் டிங்சர் அயோடினை நினைவூட்டும் மணமும் இருக்கும்.

மரம்: ஓக் மரத்திலிருந்து வனிலின், கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால், தேங்காய் மணம் தரும் லாக்டோன்கள் ஆகியன கரைந்து வருகின்றன.

ஆகவே ஸ்காட்லாந்துக் குறிப்புகளில் காணப்படும் ஹெதர் பூ போன்றவற்றை அறியாதோரும் கிராம்பு, கொப்பரை, வெல்லப்பாகு, பேரீச்சை, விறகடுப்புப் புகை எனத் தாம் அறிந்த சொற்களாலேயே துல்லியமான குறிப்பு எழுத இயலும்.

சுவைக்கும் முறை

1. கிண்ணம்: அடி அகன்று வாய் குறுகிய கிண்ணம் மணத்தைக் குவித்துத் தரும். 2001இல் அறிமுகமான கிளென்கெய்ர்ன் கிண்ணம் இவ்வகையில் பரவலானது.

2. நிறம்: வெண்ணிறப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் நிறமி சேர்க்க அனுமதி இருப்பதால் நிறத்தைக் கொண்டு வயதைக் கணிக்க இயலாது.

3. மணம்: வாயைச் சற்றே திறந்து, கிண்ணத்தை மூக்கிலிருந்து சிறிது விலக்கி முகர வேண்டும். நேரடியாக ஆழ்ந்து முகர்ந்தால் ஆல்ககாலின் காரம் மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

4. சுவை: சிறு மிடறை நாவெங்கும் பரவவிட வேண்டும். இனிப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகியன தோன்றும் வரிசையைக் கவனிக்க வேண்டும்.

5. பின்சுவை: விழுங்கிய பின் அல்லது உமிழ்ந்த பின் எது, எவ்வளவு நேரம் எஞ்சுகிறது என்பதைக் குறிக்க வேண்டும்.

பின்னர்ச் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்வது வழக்கம். சுவீடன் ஆய்வாளர் இருவர் 2017இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வு, நீர் சேர்க்கும்போது குவையாக்கால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி நகர்வதைக் காட்டியது. மணம் கூடுவதற்கு இது ஒரு விளக்கம் ஆகும். பனிக்கட்டி மணத்தைக் குறைக்கும் என்பதால் ஆய்வின்போது தவிர்க்கப்படுகிறது.

வெப்பமும் வயதும்

பீப்பாயிலிருந்து ஆவியாகி இழக்கப்படும் பகுதி 'தேவதைகளின் பங்கு' எனப்படுகிறது. குளிர்ந்த ஸ்காட்லாந்தில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூரில் 10 முதல் 12 விழுக்காடு. இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 12 ஆண்டுகளுக்குப் பின் 2 விழுக்காட்டு இழப்பில் ஏறத்தாழ 157 லிட்டர் எஞ்சும். 10 விழுக்காட்டு இழப்பில் 56 லிட்டரே எஞ்சும்.

வெப்பத்தால் மரத்தின் சாறும் விரைவாக இறங்குகிறது. எனவே இந்திய விஸ்கிகள் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளிலேயே புட்டியில் அடைக்கப்படுகின்றன. அவற்றில் பல வயதைக் குறிப்பதில்லை. இதனால் 12 என்ற எண் ஸ்காட்லாந்தில் தரும் பொருளைத் தென்னிந்தியாவில் தராது. அதிக நாள் வைத்தால் மரத்தின் துவர்ப்பு தானியத்தின் சுவையை மறைத்துவிடும். இரு நாட்டு விஸ்கிகளையும் ஒப்பிடுவோர் எண்ணை விடுத்து, மரமும் தானியமும் சமநிலையில் உள்ளனவா என்பதையே நோக்க வேண்டும்.

உடல்நலம்

உடலுக்குத் தீங்கற்ற மது அளவு என எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பது சட்டப்படி குற்றம் ஆகும். தொழில்முறைக் கலவையாளர்கள் தம் பணியின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 20 விழுக்காட்டு ஆல்ககாலுக்கு நீர்த்த மாதிரிகளை முகர்ந்தே செய்கின்றனர். சுவைத்தல் குடித்தலினின்றும் வேறானது என்பதற்கு இதுவே சான்றாகும்.