கிளைகளைக் காட்டும் வரலாற்றுத் திரை

ஸ்ரீவராகத்தில் வாழும் மாணவியர் இருவர், அவ்வூர்க் கோயில் குளத்தைப் பற்றிப் பள்ளிக் கணினியில் ஒரு கட்டுரை எழுதுகின்றனர் எனக் கொள்க. கோப்பு ஒன்றே. ஒருத்தி படித்துறையைப் பற்றிய பத்தியைத் திருத்துகிறாள். மற்றவள் திருவிழாவைப் பற்றிச் சேர்க்கிறாள். ஒருத்தியின் உழைப்பு மற்றவளால் அழியாதிருக்க வழி என்ன?

லினக்ஸ் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள் அவ்வழியைத் தருகிறது. கோப்பின் ஒவ்வொரு நிலையையும் பயனர் ஆணையிடும்போது அது ஒரு பதிவாகச் சேமிக்கும். ஒரு பதிவிலிருந்து தனியே பிரிந்து வளரும் பணி, கிளை எனப்படும். பணி முடிந்ததும் அதனை முதன்மைக் கிளையோடு இணைக்கலாம். இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் கிட் தானே முடிவு செய்யாது. எழுதியவர்களே பேசித் தீர்க்க வேண்டும். கேரளத்தின் ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழுவினர் உருவாக்கிய ‘மீரா இனிமை’ என்னும் தமிழ் எழுத்துருவின் மூலக்கோப்புகளும் கிட் வழியாகவே பேணப்படுகின்றன. மலையாள நாட்டிலிருந்து தமிழுக்கு ஓர் எழுத்துரு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதன்றோ!

இவ்வரலாற்றைப் படமாகக் காட்டுவது கிட்கே. ஒவ்வொரு பதிவும் ஒரு புள்ளி. புதியது மேலே, பழையது கீழே. கோடுகள் பிரியுமிடத்தில் கிளை தோன்றியது, கூடுமிடத்தில் இணைந்தது. கிளையின் பெயர் பச்சைப் பெட்டியில் நிற்கும். இப்போது பணி நடைபெறும் கிளையின் பெயர் தடித்த எழுத்தில் தோன்றும். கிட்கே இயல்பாக அந்தக் கிளையின் வரலாற்றை மட்டுமே காட்டும். இதனை அறியாதோர், தோழியின் பணி காணாமற்போயிற்று என அஞ்சுவர். ‘ஆல்’ என்னும் குறிப்பைக் கட்டளையுடன் சேர்த்துத் திறந்தால் எல்லாக் கிளைகளும் தெரியும்.

பெயர்ப்பெட்டியின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால், அக்கிளைக்கு மாறவும் அதனை நீக்கவும் வழி கிடைக்கும். கிளை என்பது உண்மையில் ஒரு பதிவைச் சுட்டும் பெயரே. ஆகவே, இணைந்துவிட்ட கிளையை நீக்கினால் பெயர் மட்டுமே மறையும். எழுதியது முதன்மைக் கிளையில் இருக்கும். இணையாத கிளையோ அத்தகையதன்று. அதன் பதிவுகள் வேறெந்தக் கிளையிலும் இல்லை என்று கிட்கே எச்சரித்து, உறுதியாக நீக்கவா எனக் கேட்கும். படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவோர் பலர். அவ்வாறு நீக்கப்பட்ட பதிவுகள் சிறிது காலம் கணினியில் மறைந்து கிடக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள 40 குறிகள் கொண்ட அடையாளத்தை முன்பே குறித்து வைத்திருந்தால், அதனைக் கொண்டு புதிய கிளை ஒன்றைத் தொடங்கித் திருவிழாப் பத்தியை மீட்டுவிடலாம்.