விலையிலா அருள்

திருவாரூரிற் பிறத்தலாலும், தில்லையைத் தரிசித்தலாலும், காசியில் இறத்தலாலும் எய்தும் முத்தி, திருவண்ணாமலையை நினைந்த அளவிலேயே எய்தும் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் உரை. அருணைப்பதியில் வாழும் சைவர் இதனைப் பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். ஆயினும் அந்நகரிலேயே வாழும் கிறித்தவர், 'இரட்சிப்பு என்பது தேவன் விலையின்றி ஈயும் கொடை; மனிதன் செய்யும் நற்கிரியைகளுக்குக் கூலியன்று' எனக் கூறுங்கால், சைவருட் சிலர் நகைத்து, 'விலையின்றி வீடு கிடைக்குமாயின் பாவஞ் செய்தற்கு அஞ்சுவார் யார்?' என வினவுவர். இவ்வினா பிறர்மேல் எறியப்படுவதாயினும் எறிந்தார்மேலேயே மீளுந் தன்மையது. என்னையெனின், நினைந்த அளவில் முத்தி என்னும் உரைக்கும் இதே தடை நிகழும் ஆதலின். ஆகவே கிறித்தவர் கூறும் கொடையின் இயல்பை அவர்தம் நூல்வழி நின்று முதற்கண் உணர்ந்து, பின்னரே ஒப்புமையும் வேற்றுமையும் காண்டல் முறையாம்.

திருவண்ணாமலையில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவர் உளர். டேனிஷ் மிஷன் என்னும் பெயர் தாங்கிய பள்ளியும் அங்கு உண்டு. இத்திருச்சபையின் கொள்கை, ஜெர்மனி தேசத்து மார்ட்டின் லூதர் 1517-ம் ஆண்டு தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிவந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்பாரும் அவ்வழியினரே. அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-ல் அவ்வூரிலேயே அச்சேறி முடிந்தது. இன்று தமிழ்க் கிறித்தவர் நாவிற் பயிலும் கிருபை, இரட்சிப்பு, விசுவாசம் என்னுஞ் சொற்கள் பிறநாட்டிலிருந்து வந்தனவல்ல. இந்நாட்டுச் சமயத்தார் முன்னரே வழங்கிய வடசொற்களே. சொல் ஒன்றாதல் பற்றிப் பொருளும் முற்றும் ஒன்றெனக் கொள்ளற்க.

அவர் கொள்கை வருமாறு: மனிதர் யாவரும் பாவத்திற்கு உட்பட்டோர். தேவன் விதித்த நியாயப்பிரமாணம் பாவம் இன்னதெனக் காட்டுமேயன்றி, அதனின்று மீட்கும் ஆற்றலுடையதன்று. ஆதலின் தன் முயற்சியால் தேவன்முன் நீதிமானாக நிற்றல் ஒருவர்க்கும் கூடாது. இந்நிலையில் கிறிஸ்து சிலுவையில் தம் உயிரை ஈந்து மீட்பைச் செய்தார். அம்மீட்பை விசுவாசத்தால் ஏற்பவன் நீதிமானாக எண்ணப்படுவான். விசுவாசந்தானும் அவன் ஈட்டிய பொருளன்று. அதுவும் அருளின் பயனே. எனவே 'இலவசம்' என்பது பெறுவோன் விலை கொடாமையைக் குறிக்குமன்றி, ஈவோனுக்கும் விலையில்லை என்பதைக் குறியாது.

அற்றேல், பாவத்திற்கு அச்சமின்றாம் என்னுந் தடைக்கு விடை யாதோவெனின், அத்தடையைச் சைவர் முதன்முதல் எழுப்பினாரல்லர். பவுல் தாம் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் அதனைத் தாமே எழுப்பி மறுத்துள்ளார். அருளைப் பெற்றவன் பாவத்திற்குச் செத்தவன். செத்தவன் மீண்டும் அதிற் பிழைத்தல் எங்ஙனம் என்பது அவர் கருத்து. கிரியையில்லாத விசுவாசம் உயிரற்றது என யாக்கோபின் நிருபம் கூறும். மரம் நல்லதாயின் கனியும் நல்லதாம். கனியைக் கட்டித் தொங்கவிடுதலால் மரம் நல்லதாகாது. அதுபோல நற்செயல் மீட்பின் பயனேயன்றி விலையன்று. லுத்தரன் மரபினரான போன்ஹோஃபர் என்பார் 1937-ல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதலும் பின்பற்றுதலும் வேண்டாத கிருபையை மலிவான கிருபையென இகழ்ந்து, மெய்க்கிருபை பெரிதும் விலையுயர்ந்தது என்றார். அவர் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து நின்று 1945-ல் தூக்கிலிடப்பட்டார்.

கிறித்தவர்க்குள்ளும் இப்பொருளில் வழக்கு நிகழ்ந்ததுண்டு. மனிதன் தன் விருப்பாற்றலாலேயே நன்னெறி நிற்றல் கூடும் என்ற பெலாகியுவின் கொள்கையை அகஸ்தீன் மறுத்தார். 418-ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அதனைக் கடிந்தது. லூதர்க்குப் பின்னர்க் கத்தோலிக்கர் 1547-ல் திரெந்து சங்கத்தில், விசுவாசம் ஒன்றாலேயே என்னும் லூதரின் கூற்றை விலக்கினர். நானூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இருசாராரும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டு, மனிதன் ஏற்கப்படுதல் தன் தகுதியாலன்றி அருளாலேயே என இசைந்தனர்.

இனிச் சித்தாந்தம் கூறுவதைக் காண்க. உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனில் அருளது நிலை என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்துழிச் சத்திநிபாதம் நிகழும். இறைவன் குருவாய் எழுந்தருளி ஆட்கொள்வான். இவற்றைக் கேட்டார், சைவர் பரிபாகத்தை விலையாகக் கொடுத்தே அருளைப் பெறுகின்றார் எனக் கருதக்கூடும். அஃது பொருந்தாது. மலத்தைப் பக்குவப்படுத்துவதும் திரோதான சத்தியாய் மறைந்து நின்ற அருளே. ஞாயிறு எங்கும் ஒருபடித்தாய் ஒளிர, முதிர்ந்த முகை மலர்கின்றது. முதிர்ச்சி மலர்தற்கு இன்றியமையாதது, ஆயினும் அது ஞாயிற்றுக்குக் கொடுத்த விலையன்று, முதிர்வித்ததும் அஞ்ஞாயிறே. சரியை, கிரியை முதலிய நெறிகளும் இவ்வாறே அருள்வழிப்பட்டன.

இவ்வளவில் இருவரும் ஒப்பர். வேற்றுமை வேறிடத்துளது. கிறித்தவர்க்கு முதற்றடை குற்றம். ஆதலின் அருள் மன்னிப்பாக வருகின்றது. சைவர்க்கு முதற்றடை அநாதியான ஆணவ இருள். ஆதலின் அருள் விளக்கமாக வருகின்றது. அவர்க்குக் காலம் ஒரு பிறவி. இவர்க்கு எண்ணிறந்த பிறவி. அவர்க்கு மீட்பு வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்த சிலுவைப்பாட்டில் நிலைபெறும்; இவர்க்கு வினை செய்தவனையே சாரும். சஞ்சிதம் தீக்கையால் எரியினும் பிராரத்தம் நுகர்ந்தே கழியும். ஒருவர்க்காக மற்றொருவர் தண்டம் ஏற்றல் தகுமோ என்பதே சைவர் உண்மையில் வினவத்தக்க வினா. அங்ஙனமாயின் தன்னை முற்றும் ஈந்த அன்புக்கு நும் நெறியில் இடம் யாது என்பது கிறித்தவர் திருப்பி வினவத்தக்கது. இவ்விரண்டும் ஆராய்ச்சிக்குரியன, விலையின்மைபற்றிய நகை ஆராய்ச்சிக்குரியதன்று.

அண்ணாமலைப் புராணவரலாறு இதனை வலியுறுத்தும். பன்றியாய் அகழ்ந்த மாலும் அன்னமாய்ப் பறந்த அயனும் தம் ஆற்றலால் அடிமுடி காணாதொழிந்தனர். செருக்கடங்கியபின் இறைவன் தானே காட்சி தந்தான். கார்த்திகைத் திருநாளில் 2,668 அடி உயர்ந்த அம்மலையின் உச்சியிற் சுடர் தோன்றுகின்றது. பதினான்கு கிலோமீட்டர் வலம்வருவார் அவ்வொளியை நடையால் விலைக்கு வாங்குகின்றாரல்லர். ஒளி நோக்கித் திரும்பிய முகத்தோடு நடக்கின்றனர். நினைத்தலும் இத்தகையதே. நினைப்பு முத்திக்கு விலையாயின், அதனினும் மலிவான வாணிகம் உலகில் இல்லை. அது விலையன்று, நினைப்பிப்பதும் அருளே எனத் தெளிந்தவர், அருளைக் கொடையென்று போற்றும் பிறரை நகையார்.