உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாக்கத்துத் தண்ணீர்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றின் மேல் மட்டும் அன்று விழுந்தது சுமார் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் ஏறக்குறைய நான்கு லாரித் தண்ணீர்! நான்கு ஆண்டுகூட முடியவில்லை; 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. சென்னை வட்டாரத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 140 செ.மீ. இத்தனை மழை பெறும் ஊர், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குடிநீர் வரவழைத்தது.

*

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம். பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாக நமக்குப் பழகிய இந்த ஊர்களின் ஏரிகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். இந்தப் பாதையில் ஓர் இடத்தில் கால்வாயை மண் கொட்டி மூடினாலும், மேலே இருக்கும் தெருவில் வெள்ளம் நிற்கும். கீழே இருக்கும் ஏரிக்குத் தண்ணீர் வராது. ஒரே தவறு, இரண்டு ஊர்களுக்குத் தண்டனை.

*

பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் பள்ளிக்கரணைக்கு வடிந்து வருகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் அது. குப்பைமேடு, சாலை, ரயில்பாதை, கட்டடங்கள் என ஒவ்வொன்றாக அதை விழுங்கின. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை இடம்பெற்றபோது பதிவான பரப்பு 1,248 ஹெக்டேர்.

இந்த நிலம் மழைக்காலத்தில் பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் மெல்ல விடுகிறது. பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குவது கண்ணுக்கு விருந்து என்பதோடு நின்றுவிடவில்லை. பறவை வருகிறது என்றால் மீன் இருக்கிறது, பூச்சி இருக்கிறது, தண்ணீருக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். பெரும்பாக்கம் ஏரிக் கரையில் விடியற்காலையில் தொலைநோக்கியோடு நிற்பவர்களைப் பார்த்தால், உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப்போய் நிறுத்துங்கள்.

இந்தச் சதுப்புநிலத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-ல் ராம்சர் விருது கிடைத்தது. இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. நம் வீட்டுக் கொல்லையில் நடந்த வேலைக்கு உலகம் தந்த மரியாதை அது. இங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

*

பக்கத்து வீட்டுக்காரருக்கு 150 அடியில் தண்ணீர் வந்தது, நமக்கு 400 அடி போர்வெல் போட்டும் வரவில்லை. தாம்பரம், பல்லாவரம் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. காரணம் அடியில் இருக்கும் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. அதற்குள் நீர் தங்க இடம் கிடையாது. வெடிப்புகளிலும், மேலே சிதைந்த அடுக்கிலும் மட்டுமே தங்கும். ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் நிச்சயம் என்பது இங்கே செல்லாது. மேலிருந்து மழைநீரை இறக்குவதுதான் வழி.

*

சொட்டும் குழாய்: நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு ஏறத்தாழ 20 லிட்டர். மாதத்துக்கு 600. அதைத் தடுக்கும் வாஷரின் விலை மிகச் சொற்பம்.

*

பெரும்பாக்கம் எழில் நகரின் எட்டுத் தளக் குடியிருப்புகளில், கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் பதினைந்து நடை. மோட்டார் ஓடாத நாளில், லிஃப்டும் நின்றுவிட்டால், அந்தக் குடங்கள் பெரும்பாலும் பெண்களின் இடுப்பில்தான் மாடி ஏறும். தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசும்போது, ஷவரைத் திறந்துவிட்டுக் குளிப்பவருக்கும் இவர்களுக்கும் ஒரே அறிவுரை சொல்வது நியாயமில்லை.

*

டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறீர்களா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் சாகாமல் இருக்கும். ஆகவே வெறுமனே கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பாதீர்கள். வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேயுங்கள். துணி கட்டி மூடுங்கள்.

*

கொதிக்க வைத்த தண்ணீர் கிருமியிடமிருந்து காக்கும். செப்டிக் டேங்கிலிருந்து கசிந்து கிணற்றில் கலக்கும் நைட்ரேட்டை அது நீக்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் ஆபத்தானது. பாதாளச் சாக்கடை முழுமையாக வராத புறநகர்களில் இருப்போர் போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்.

*

ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தர, பல வீடுகளில் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை வாளியில் விடுங்கள். கழிவறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். உப்பு மிகுந்த நீர் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

*

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 2024-ல் 15 கோடி லிட்டர் நிலையம் ஒன்றும் சேர்ந்தது. தென்சென்னைக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. மொட்டைமாடியில் விழும் மழைக்கு மின்கட்டணம் இல்லை.

*

அந்த மழையின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆயிரம் சதுர அடியில் ஒரு செ.மீ. மழை என்றால் 930 லிட்டர். ஆண்டு மழை 140 செ.மீ.யில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். எட்டு டேங்கர் லாரிகளுக்குக் குறையாது. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாகி இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. பல கட்டடங்களில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மொட்டைமாடியைக் கூட்டுங்கள். குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். சமையலறைக் கழிவுநீர் அதில் சேராமல் பாருங்கள். அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: நம் கட்டடத்து மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது?