பிடில் சிறுவனும் ரோடு என்ஜின் டிரைவரும்

ஒரு சிறுவன். வயது 7. கையில் பிடில் பெட்டி.

மாடிப் படியில் மெதுவாக இறங்கி வருகிறான். கீழே முரட்டுப் பையன்கள் நிற்கிறார்கள். "சங்கீதக்காரன்" என்று கேலி செய்கிறார்கள். பிடில் பெட்டியைப் பிடுங்குகிறார்கள்.

அப்போது ஒருவர் அதட்டுகிறார். பையன்கள் ஓடுகிறார்கள். அவர் தெருவில் தார் ரோட்டை அழுத்திச் சமப்படுத்தும் ரோடு என்ஜினை ஓட்டுபவர். சிறுவனை என்ஜினில் ஏற்றி, ஓட்டவும் விடுகிறார்.

இது ஒரு மாணவர் எடுத்த படம். பெயர் "ரோடு என்ஜினும் பிடிலும்". 46 நிமிஷம் ஓடும். மாஸ்கோ அரசாங்க சினிமாக் கல்லூரியில் பட்டம் பெறுவதற்காக, 1960-ம் ஆண்டில் எடுத்தார். அவர்தான், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டைரக்டர் தார்க்கோவ்ஸ்கி.

சினிமா படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லா ஊரிலும் ஒரே தலைவலிதான். திகில் படமா, சிரிப்புப் படமா, குடும்பப் படமா? கதைக்கு எங்கே போவது?

இரவல் கதை

தார்க்கோவ்ஸ்கி முதலில் எடுத்தது கொலைகாரர் கதை!

1956-ல் சக மாணவர்களோடு சேர்ந்து அதை எடுத்தார். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் சிறுகதை அது. ஒரு சாப்பாட்டுக் கடை. 2 கொலைகாரர்கள் வந்து, ஒருவனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். சாப்பிட வருபவராகத் தார்க்கோவ்ஸ்கியே நடித்தார். சீட்டி அடித்துக்கொண்டு வருவார்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையும் இரவல், ஊரும் இரவல்.

சிவப்பு பலூன்

அதே 1956-ல் பிரான்சில் ஒரு படம் வந்தது. பெயர் "சிவப்பு பலூன்". பாரீஸ் தெருவில் ஒரு சிறுவன் பின்னால் ஒரு பலூன் நாய்க்குட்டி போலப் போகும். பேச்சு மிகக் குறைவு. 34 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. எதற்காகத் தெரியுமா? சிறந்த திரைக்கதைக்காக!

இந்தப் படம்தான் தார்க்கோவ்ஸ்கிக்கு வழி காட்டியது. தாமும் ஒரு சிறுவனின் கதையை எடுத்தார். காஞ்சலோவ்ஸ்கி என்ற இன்னொரு மாணவரும் கதை எழுத உதவினார். ஆனால் அவர்கள் பலூனைத் திருடவில்லை. மாஸ்கோ தெருவில் ஓடும் ரோடு என்ஜினை எடுத்துக்கொண்டார்கள்.

பேய்ப் படம் எடுப்பது தவறில்லை. ஆனால் அதற்கு இருட்டு வேண்டும், விளக்கு வேண்டும், வேஷம் வேண்டும். சிறுவர் கதைக்கு ஒரு தெரு போதும். என்ன, சின்னப் பையனை நடிக்க வைப்பதற்குள் டைரக்டருக்கு உயிர் போய்விடும்!

வீட்டுக் கதை

தார்க்கோவ்ஸ்கி சிறு வயதில் சங்கீதப் பள்ளியில் பியானோ படித்தவர். சின்னஞ் சிறுவனாக இருந்தபோதே அவருடைய தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்து போனார். தாய்தான் வளர்த்தார்.

படத்திலும் சிறுவனின் தாய் வருகிறார். தந்தையைக் காணோம். டிரைவரிடம் அவன் ஏன் அப்படி ஒட்டிக்கொள்கிறான் என்று யாரும் பேசுவதில்லை. பார்ப்பவருக்குப் புரிகிறது.

சங்கீதப் பள்ளியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். சிறுவன் அவள் பக்கத்தில் ஒரு ஆப்பிளை வைத்துவிட்டு உள்ளே போகிறான். அவள் அதைப் பார்க்கிறாள். திரும்பிக்கொள்கிறாள். மறுபடியும் பார்க்கிறாள். பிறகு அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். கடித்துத் தின்ற மிச்சம்தான் கிடக்கிறது. இந்தக் காட்சிக்குச் செலவு ஒரு ஆப்பிள்!

சாயங்காலம் சேர்ந்து சினிமாவுக்குப் போகலாம் என்று டிரைவரும் சிறுவனும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலே தாய் விடவில்லை. டிரைவர் காத்திருக்கிறார். சிறுவனோ மனத்துக்குள்ளேயே படியிறங்கி ஓடி, என்ஜினில் ஏறிக்கொள்கிறான்.

1961-ல் நியூயார்க் மாணவர் பட விழாவில் இந்தப் படம் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு தார்க்கோவ்ஸ்கியின் முதல் பெரிய படம் வந்தது. வெனிஸ் பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. அதன் கதாநாயகனும் ஒரு சிறுவன்தான். வயது 12.