நுரையீரலுக்கு எது சரியான அளவு?

மூச்சுத்திணறல் என்று போனால், ஸ்பைரோமீட்டர் குழாயை வாயில் கொடுத்து, "நல்லா இழுத்து, ஒரே மூச்சில் ஊதுங்க" என்பார்கள். ரிப்போர்ட்டில் நாம் ஊதிய லிட்டரும், பக்கத்தில் ஒரு சதவீதமும் வரும். நம் வயது, உயரம், பாலினம் உள்ளவர் எவ்வளவு ஊத வேண்டும் என்ற கணக்கில் வருவது அந்தச் சதவீதம். அந்தக் கணக்கில் நெடுநாள் இனமும் சேர்ந்திருந்தது.

1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்த சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பினத்தவரின் நுரையீரலே குறைபாடுள்ளது என்று வாதிட இதைப் பயன்படுத்தினார். பின்னாளில் கறுப்பினத்தவர் ஊத வேண்டிய அளவிலிருந்து 10 முதல் 15 சதவீதம் கழிப்பது வழக்கமாயிற்று. விளைவைப் பாருங்கள்: 4.5 லிட்டர் ஊத வேண்டியவர் 3.4 லிட்டர் ஊதினால் 76 சதவீதம். மேலும் பார்க்கவேண்டிய கேஸ். 15 சதவீதம் கழித்தால் அதே மூச்சு 89 சதவீதமாகி, 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். நோய் அப்படியேதான் இருக்கும்.

மக்களிடையே நுரையீரல் அளவில் காணும் வேறுபாடு பிறப்பிலேயே வந்ததா? ஆண்டீஸ் மலை வேறு விதமாகச் சொல்கிறது. பெருவின் செர்ரோ டி பாஸ்கோ நகரம் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் வளர்ந்தவர்களுக்கு மார்புக்கூடு அகலம், நுரையீரல் பெரிது. சமவெளியில் பிறந்து சிறுவயதிலேயே மலையேறியவர்களுக்கும் நுரையீரல் ஏறக்குறைய அதே அளவுக்கு வளர்ந்ததை ஆய்வாளர் ராபர்டோ ஃப்ரிசான்சோ கண்டார். பெரியவர்களான பின் வந்தவர்களுக்கு அப்படி வளரவில்லை. பரம்பரைக்கும் பங்குண்டு, ஆனால் வளரும் வயதில் உடல் எதைச் சந்திக்கிறது என்பதும் நுரையீரலைத் தீர்மானிக்கிறது.

நம் கதைக்கு வருவோம். 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தெற்காசியர்கள் ஊதும் அளவு, வட அமெரிக்க, ஐரோப்பியரைவிடச் சுமார் 31 சதவீதம் குறைவு. உடலமைப்பு ஒரு காரணம். சிறுவயது ஊட்டக்குறைவையும் அடுப்புப் புகையையும் ஒதுக்கிவிட முடியாது. 'இந்தியருக்கு இவ்வளவுதான்' என்று எழுதிவிட்டால் அந்தப் பாதிப்புகளே இயல்பாகிவிடும்.

2023இல் அமெரிக்க மார்பு நோய் சங்கம் இனம் பார்க்காத பொதுக் கணக்கைப் பரிந்துரைத்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதன்படி ஆரோக்கியமான இந்தியர் சிலர் நோயாளியாகத் தெரியலாம், உடல்தகுதி கேட்கும் வேலையையும் இழக்கலாம். அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாதீர்கள். எந்தக் கணக்கில் சதவீதம் போட்டார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரப்படுத்தி, லிட்டர் அளவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.